பன்னிரண்டாவது ஜாயின்ட்

அன்று காலையில் சலவைச் சோடா தீர்ந்துபோயிருந்தது. அக்கம்மாள் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். லேத்துப் பட்டறையில் அள்ளி வந்த இரும்புத் தூளில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சோடா போட்ட வெந்நீரில் மூன்று தரம் அலசினால்தான் போகும். கடைசிப் படித் தூளை மட்டும் வெறும் வெந்நீரில் அலசி, சட்டியில் சூடுகாட்டிப் பையில் கட்டினாள்.

"வெரசாக் குடு. எட்டு மணி பஸ்ஸு போயிரும்," என்றார் கணவர் குருநாதன்.

"போனா அடுத்தது வருது. அதுக்குள்ள மில்லு எந்திரிச்சு ஓடிருமாக்கும்?"

"மில்லு ஓடாது. செம்மலையண்ணன் என்னயத் தேடி ஓடியாந்துரும்."

சிரித்துக்கொண்டே போனார். சோடா தீர்ந்ததைச் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மாலையில் கோட்டையூர் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. 1968, ஆவணி மாதம்.

குருநாதன் குழாய் பிட்டர். நெல் அவிக்கும் மில்லில் ஆவிக்குழாய் பூட்டிக்கொண்டிருந்தார். குழாயும் குழாயும் சேரும் சந்தில் இரும்புத் தூள், நவச்சாரம், துளி கந்தகம் மூன்றையும் நீர் தெளித்துப் பிசைந்து உளியால் அடித்து இறுக்குவார். சும்மா கிடந்தால் மாதக்கணக்கில் ஏறும் துருவை நவச்சாரம் ஓரிரு நாளில் ஏற்றிவிடும். துருவேறிய தூள் உப்பிச் சந்தை அடைத்துக் கல்லாகும். ஊரார் சுரண்டி எறிகிற துருவை வைத்துத்தான் அவர் பிழைத்தார். அடித்து முடித்ததும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். எண்ணெய் பட்ட தூளில் துரு ஏறாது. ஆனால் அக்கம்மாள் அலசியது என்றால் முகர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.

எட்டாம் நாள் துக்கம் கேட்க வந்தார் மில் மேஸ்திரி செம்மலை. "பன்னெண்டு ஜாயின்ட்டையும் முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போனாக, தங்கச்சி. வெள்ளிக்கெழம ஆவி விடுறோம்."

அப்போதுதான் சோடா டப்பா அவள் நினைவுக்கு வந்தது. ஆவி பீறிட்டால் அங்கே நெல் கிளறும் பெண்கள் வெந்துபோவார்கள். பழி குருநாதன் பேரில் நிற்கும்.

காரியம் முடியாமல் படி தாண்டக்கூடாது என்று சொந்தங்கள் தடுத்தார்கள். மறுநாள், புதன்கிழமை, சோடா வாங்கி மூன்று தரம் அலசிய தூளோடு அவள் பஸ் ஏறினாள்.

ஒவ்வொரு ஜாயின்ட்டையும் ஆணியால் குத்திப் பார்த்தாள். பதினொன்று கல். ஒவ்வொன்றிலும் அவர் கட்டைவிரல் பதிந்த குழி செம்பழுப்பாக இறுகியிருந்தது. பன்னிரண்டாவதில் ஆணி இறங்கியது. அங்கும் அதே குழி, கறுப்பாக, ரேகைகூட அழியாமல்.

செம்மலை முகம் சுளித்தார். "குருநாதன் வேலயா இது?"

"அவுக மேல குத்தமில்லண்ணே. சோடா இல்லாம அலசிக் குடுத்தது நானு."

"சரி விடு. நவச்சாரத்த ரெண்டு மடங்காப் போட்டு அடி. பொழுதுக்குள்ள இறுகிரும்."

"வெரசா இறுகுனது வெரசா விட்டுப்போகும். அவுக போடுற அளவுதான் போடுவேன். வெள்ளிக்கு ரெண்டு நா கெடக்குல்ல."

"பேச்சும் அவன் பேச்சாவே இருக்கு," என்று உளியை நீட்டினார்.

அந்தக் குழியை விட்டுவிட்டுச் சுரண்ட முடியுமா என்று சற்று நேரம் பார்த்தாள். முடியாது. முதல் அடியை அதன்மேலேயே வைத்தாள்.

கொண்டுவந்த சுத்தத் தூளை அடித்து இறுக்கி, உள்ளங்கையால் சமமாகத் தடவிவிட்டாள். விரல் வைக்கவில்லை.

எழுபத்தேழில் மில்லுக்குப் புதுக் கொதிகலன் வந்தது. குழாய்களை மாற்றவில்லை. பதினொன்றில் குழி இருக்கிறது, ஒன்றில் இல்லை. எதுவும் ஒழுகவில்லை.