ஷட்டர் சாவி

குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் படியில் இறங்கிய கோகுலகிருஷ்ணன் பாதியிலேயே நின்றான். கீழே வெறும் சேறு. அப்பாவைக் குளிப்பாட்ட மகன்தான் தண்ணீர் கொண்டுபோக வேண்டும், அதுவும் ஓடுகிற தண்ணீர்.

"மேல ஷட்டர் மூடிக் கெடக்கு தம்பி. தொறந்தா வந்துடும்," என்றார் பக்கத்து வயல்காரர் மாயவன். "சாவி ஒங்க வூட்டுலதான் இருக்கு. ஒங்கப்பா கட்டிலுக்கடியில பாரு."

ஓடினான். கூடத்தில் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. மகன் இங்கிலாந்திலிருந்து வந்துசேரும்வரை, இரண்டு நாளாக, அப்பா கிருஷ்ணமூர்த்தி அதற்குள் காத்திருந்தார். அம்மா போய் ஆறு வருஷம். கூடப்பிறந்தவர்களும் இல்லை. கட்டிக்கொண்டு அழக்கூட ஆளில்லை என்பது கட்டிலுக்கடியில் குனிந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது.

துண்டில் சுற்றியிருந்ததைப் பிரித்தான். வளைந்த இரும்புக் கைப்பிடி. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன் அப்பா அவனிடம் வந்திருந்தார். ஒருநாள் முழுக்கக் கால்வாயில் ஒடுக்கமான வாடகைப் படகில் போனார்கள். மேட்டிலும் பள்ளத்திலும் கதவு போட்டு, தண்ணீரை நிறைத்தும் வடித்தும் படகை ஏற்றி இறக்குகிறார்கள் அங்கே. புள்ளம்பாடி வாய்க்காலில் முப்பது வருஷம் லஸ்கராக ஷட்டர் தூக்கிய மனுஷன் அதைப் பார்த்தபின் சும்மா உட்காருவாரா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பதினொரு கதவுக்கும் அவரே குதித்திறங்கி, படகோடு கொடுத்த இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்றினார்.

மறுநாள் படகுக்காரர் போன் செய்தார், கைப்பிடியைக் காணோம் என்று. அது அப்பாவின் பைக்குள் இருந்தது.

"சாவிய அங்கயே உட்டுட்டு வந்தா எவனாவது தொறந்துட மாட்டானா? லஸ்கரு வூட்டுக்கு எடுத்துட்டு வந்துடணும்ப்பா."

"இங்க இதுக்குப் பேரு திருட்டு. மானத்த வாங்காதீங்க." அதற்கான விலையைக் கட்டிவிட்டு, "நீங்களே வச்சுக்கங்க" என்று கட்டிலில் வீசினான். அதன்பின் போனில்கூட அப்பா மழையைப் பற்றி மட்டும்தான் பேசினார். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைப்பான். நினைத்ததோடு சரி.

வாய்க்கால் மேட்டுக்குத் திரும்பி வந்து மாட்டியதும், ஷட்டர் தண்டின் சதுரத் தலையில் கைப்பிடி கச்சிதமாக உட்கார்ந்தது. பிடி தேய்ந்து பளபளத்தது.

"பழைய சாவி ஒடஞ்சதுலேருந்து அண்ணன் இதுலதான் தொறப்பாரு," என்றார் மாயவன். "ரிட்டயரானப்பறமும் யாருக்கும் தர மாட்டாரு. எம்மவன் லண்டன்ல வாங்கிக் குடுத்ததுடா, பாத்துத் தொடுங்கடாம்பாரு."

கோகுலகிருஷ்ணன் கைப்பிடியைச் சுற்றினான். தண்ணீர் காய்ந்த இலைகளைத் தள்ளிக்கொண்டு படிவரை வந்தது. இறங்கிக் குடத்தில் மொண்டான்.

"நேரமாச்சு, நீ போ தம்பி. நான் மூடிக்கிறேன்." மாயவன் ஷட்டரிடம் போனார்.

"இருங்க சித்தப்பா."

குடத்தைக் கரையில் வைத்துவிட்டு, கடைசிச் சுற்றுவரை ஷட்டரை அவனே இறக்கினான். கைப்பிடியைக் கழற்றித் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான். பிறகு குடத்தைத் தூக்கித் தோளில் வைத்து வீட்டைப் பார்த்து நடந்தான்.