வானொலியில் வந்த குரல்

ஞாயிறு காலை, லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த தன் வீட்டுக் குசினியில் அஜந்தா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது தமிழ் வானொலி அவளுடைய குரலிலேயே பேசியது.

"தேர்தல் முடியும்வரைக்கும் நீங்கள் பேச்சுக்குப் போகவேண்டாம். எங்கட ஆள் வெண்டால் நீங்கள் கேட்டது கிடைக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

ஊரில் அன்று நடந்த ஜனாதிபதித் தேர்தலுக்காகச் சமாதானப் பேச்சைக் குழப்பினார்கள் என்று இத்தனை வருடமாகக் கதைத்தோமே, இதோ சாட்சி என்றார் அறிவிப்பாளர். இந்தப் பெண் யார் என்றும் கேட்டார். லண்டனின் மறுகோடி பிளேஸ்டோவிலிருந்து அழைத்த ஒருவர் அவளை நடுரோட்டுக்கு இழுத்துவர வேண்டும் என்றார்.

அஜந்தா வெறும் மொழிபெயர்ப்பாளர். சிங்களம் புழங்கும் வெள்ளவத்தையில் வளர்ந்ததால் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அந்தத் தேர்தல் நாளில் சிங்கள வேட்பாளர் ஒருவரின் ஆள் லண்டன் ஹோட்டலுக்கு வந்து போராளி இயக்கத்துக்காரர் இருவரை இரகசியமாகச் சந்தித்தபோது அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஆள் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். அது தொழில் முறை. அப்படித்தான் இன்றைக்கும் ஆஸ்பத்திரிகளில் யாரோ ஒருவருடைய நெஞ்சுவலியை அவள் தன் வலியாகச் சொல்கிறாள். எந்தப் புண்ணியவானோ அந்தச் சந்திப்பைப் பதிவுசெய்து, சிங்களத்தை வெட்டி எறிந்துவிட்டு அவளை மட்டும் மிச்சம் வைத்திருந்தான்.

கழுவிய மீனையே திரும்பக் கழுவினாள். வானொலியை நிறுத்தினாள், போட்டாள். கடைக்குப் போயிருந்த கணவன் குகதாசனை அழைக்கப் போனை எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். ஊர் திட்டினால் திட்டட்டும். அவளுடைய பயமெல்லாம் மச்சாள் சிவனேஸ்வரிதான். குகதாசனின் அக்கா. பக்கத்துத் தெருவில் இருக்கிறார், வானொலியை நிறுத்தவே மாட்டார். பேச்சு குழம்பிப்போய் மூண்ட சண்டையில்தான் அவருடைய ஒரே மகன் றஜீவ் வன்னியில் செத்தான்.

வாசல் மணி அடித்தது. மச்சாள் வீட்டுச் செருப்போடேயே வந்திருந்தார். அவர் உட்காரும் முன்பே அஜந்தா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்: ஹோட்டல், சிங்களம், தொழில் முறை, வாய் திறக்கமாட்டேன் என்று கொடுத்த வாக்கு.

சிவனேஸ்வரி குறுக்கே பேசாமல் கேட்டார். "விளங்குது," என்றார். "சொன்னது அவன். நீர் வாய் மட்டும்தான் குடுத்தனீர்."

அஜந்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டாள்.

"அது தேர்தலுக்கு முதலோ?"

"ஓம் மச்சாள்."

"அந்த நேரம் றஜீவை வன்னியால வெளியில எடுப்பமோ, பேச்சு தொடங்குதுதானே, பொறுப்பமோ எண்டு இந்தக் குசினியில வைச்சு உம்மட்டைத்தான் கேட்டனான்."

அஜந்தாவுக்கு அது ஒருநாளும் மறந்ததில்லை. ஒரு சொல் தவறினாலும் ஹோட்டல் இரகசியம் வெளிப்பட்டுவிடும் என்று அன்று நடுங்கிப்போயிருந்தாள்.

"'அவசரப்படாதேங்கோ, பேச்சு கட்டாயம் தொடங்கும்' எண்டு சொன்னனீர்," என்றார் சிவனேஸ்வரி. குரல் உயரவில்லை. "அதை ஆர் உம்மைச் சொல்லச் சொன்னது?"

கேத்தில் கொதித்துத் தானாக நின்றது. அந்த ஹோட்டல் அறையில் இருந்த ஒருவருமே அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அதை அஜந்தாவேதான் சொன்னாள்.