நாகம்மா குட்டா

என் புருஷனை நான் இரண்டு தடவை புதைத்தேன். இதைச் சொன்னால் ஆளாளுக்கு என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். "இந்தப் பொம்பளைக்கு வாய் ஜாஸ்தி, எதையாவது சொல்லும்" என்கிறார்கள். வாய் ஜாஸ்திதான், யார் இல்லை என்றது? அதற்காக நடந்தது நடக்காமல் போய்விடுமா?

முதலில் ஒரே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கேடும் அதில்தான் இருக்கிறது.

நான் பாலக்கோட்டுப் பக்கம். வாக்கப்பட்டு வந்தது சானமாவுக் காட்டை ஒட்டின ஒரு தெலுங்குக்கார ஊருக்கு. கல்யாணமான மறுவாரம் மாமியார் வெங்கடம்மா ஆடுகளை அவிழ்த்துவிட்டு, "குட்டகாடிக்கி போ" என்றாள். நானும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊருக்குக் கிழக்கே இருந்த குட்டைக்குப் போய், பொழுது சாயும்வரை கரையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே வீட்டில் எல்லோரும் என்னைக் காணோம் என்று மலையடிவாரம் முழுக்கத் தேடியிருக்கிறார்கள். யானை நடமாட்டம் உள்ள இடம், அடித்துப் போட்டுவிட்டதோ என்று பயம். பிறகுதான் விஷயம் தெரிந்தது. தெலுங்கில் குட்ட என்றால் மலையாம், குட்டகாடிக்கி என்றால் மலைக்கிட்டயாம்! குட்டைக்கு அவர்கள் வீட்டில் சொல்வது குண்ட. குண்டு பல்பு என்னும்போது வருகிற 'கு' மலைக்கு, குடம் என்னும்போது வருகிற 'கு' நம் தமிழ்க் குட்டைக்கு. வாயால் சொன்னால் வேறு வேறு. தமிழில் எழுதினால் இரண்டு 'கு'வும் ஒன்றுதான்.

என் புருஷன் முனீஸ்வரன் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். "எம் பொண்டாட்டியே குட்டை. குட்டை குட்டைக்குத்தான போகும்?" என்றார். நான் கொஞ்சம் உயரம் கம்மி. அதிலிருந்து எனக்குக் குட்டை என்றே பெயராகிவிட்டது. ஊரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் என்னைப் பார்த்து, "மாதேஸ்வரி, இன்னிக்கு மலைக்கா, தண்ணிக்கா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். நானும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பேன்.

முனீஸ்வரன் லாரி ஓட்டினார். இன்று பூனா, நாளை கொச்சி. ஒரு தீபாவளிக்குக்கூட வீட்டில் இருந்ததில்லை. "கால்ல சக்கரம் கட்டிக்கினு பொறந்த ஆளு" என்று நான் திட்டாத நாள் இல்லை. எந்த நேரம் வந்தாலும் சட்டைப் பையில் சீப்பு இருக்கும். வாசலில் நின்று தலையைச் சீவிக்கொண்டுதான் உள்ளே வருவார். ஒருநாள் ஜூஜுவாடியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்க இறங்கியவர், டீ வருவதற்குள் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். நாற்பத்திரண்டு வயசு.

எங்கள் வீட்டில் எரிப்பது இல்லை. நாகம்மா குட்ட என்று ஊரில் சொல்கிற அந்தச் சின்ன மலையின் அடிவாரத்தில்தான் புதைப்பார்கள். அவரை அங்கே கொண்டுபோகும்போது, "இனியாச்சும் ஒரு இடத்துல கெடய்யா" என்று நான் கதறியதை ஊரே கேட்டது. பிறகு சிமெண்டில் சமாதி கட்டி, மேலே டைல்ஸ் பதித்து, நீல வர்ணம் அடித்தோம். நாலு வருஷம் அங்கே இருந்தார். எனக்குத் தெரிந்து அவர் ஒரே இடத்தில் அத்தனை நாள் இருந்தது அப்போதுதான்.

அப்புறம் ரயில் வந்தது.

வந்தது என்றால் பேச்சுதான் வந்தது. பெங்களூருக்குப் போகிற வேக ரயில், எங்கள் பக்கத்து மலைகளைக் குடைந்துகொண்டு போகப்போகிறதாம். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு மலையின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடுமாம். பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம் போட்டார்கள். வடக்கே எங்கிருந்தோ வந்த ஒரு அதிகாரி மைக்கைப் பிடித்தார். கொஞ்சம் கன்னடம், கொஞ்சம் தமிழ். "நாகம்மா குட்டா ஏரியா காலி மாடி. அங்க இருக்கிற கட்டுமானம் எல்லாம் ஒரு மாசத்துல எடுக்கணும். அப்புறம் மெஷின் வரும்" என்றார். ஆபீஸ் வாசலில் ஒரு போர்டும் நட்டார்கள். 'பணி நடைபெறும் இடம்: நாகம்மா குட்டா' என்று அதில் இருந்தது.

எங்கள் ஊரில் அதற்கு யாருக்குச் சந்தேகம் வரும்? குடைவதென்றால் மலையைத்தான் குடைவார்கள், தண்ணீரையா குடைவார்கள்? மலையில் கட்டுமானம் என்று இருப்பதெல்லாம் எங்கள் சமாதிகள்தான். வந்த புதிதில் அந்தப் போர்டைப் பார்த்திருந்தால் நான் குட்டை என்றுதான் படித்திருப்பேன். இத்தனை வருஷம் இந்த வீட்டுச் சோற்றைத் தின்றதில் எனக்கும் மலை என்றுதான் பட்டது.

ஏழெட்டுக் குடும்பம் கூடிப் பேசினோம். குட்டைக்கரையில் புறம்போக்கு இடம் சும்மா கிடக்கிறது, புங்கமரத்து நிழலும் இருக்கிறது, அங்கே மாற்றிவிடலாம் என்று முடிவானது. அத்தை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"பண்டுக்குன்னவாண்ணி லேபொத்தே" என்றாள். படுத்திருக்கிறவனை எழுப்பாதே என்று அர்த்தம்.

"அத்தே, நாம எழுப்பலன்னா மெஷின் எழுப்பும். மெஷினுக்கு உம் மவன்னு தெரியுமா, எம் புருஷன்னு தெரியுமா? மண்ணோட வாரி லாரியில கொட்டிக்கினு போயிடும்" என்றேன்.

அத்தை எழுந்து போய் ஆடுகளை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

தோண்டுகிற அன்று பெண்கள் வரக்கூடாது என்றார்கள். கொழுந்தன் மாதப்பன் என்னை வழியிலேயே மறித்தான். "வேணாம் வதினா, பாத்தா தாங்க மாட்டீங்க" என்றான். "இருபத்தஞ்சு டன் லாரிய ஓட்டின ஆளு. எலும்பா ஆயிட்டா மட்டும் எனக்குத் தெரியாமப் பூடுவாரா? நகரு" என்று தள்ளிவிட்டுப் போனேன். பெரிய வீராப்புதான். டைல்ஸை உடைக்கும் சத்தம் கேட்டதுமே காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

மண்ணுக்குள்ளிருந்து பழுப்பாக என்னென்னவோ வந்தது. எதையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாதப்பன் சல்லடை போட்ட மாதிரி கையால் மண்ணை அலசிக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு சீப்பு வந்தது. கறுப்பு பிளாஸ்டிக் சீப்பு, ஒரு பல்கூட உடையவில்லை. நான்தான் அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்பினேன். மனுஷன் மண்ணாகிப் போய்விட்டார், சீப்பு அப்படியே இருக்கிறது! அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்காய் எல்லாம் பறந்துவிட்டது.

வெள்ளைத் துணியில் எல்லாவற்றையும் கட்டி, சீப்பையும் உள்ளேயே வைத்தேன். அதை விட்டுவிட்டுப் போனால் அவர் திட்டுவார். குட்டைக்கரையில் புங்கமரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டி வைத்தோம். உடனே சிமெண்ட் போடலாம் என்றேன். மாதப்பன் கொத்து வேலை தெரிந்தவன். "புது மண்ணு வதினா, ஒரு மழைக்காலம் போனாத்தான் எறங்கும். இப்பக் கட்டினா விரிசல் உடும்" என்றான். சரி என்று வெறும் மண்மேடாகவே விட்டு, தலைமாட்டில் ஒரு அரளிக் குச்சியை நட்டோம். மற்ற குடும்பங்களும் அப்படியே செய்தன. திரும்பி வரும்போது, "கடைசியில என்னையே ஜெயிக்க வெச்சிட்ட, குட்டைக்கே வந்துட்ட" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது.

ஒன்றரை மாசம் போனது. நான் ஒசூரில் ஒரு கம்பெனியில் வயரிங் லைனில் வேலை செய்கிறேன். அன்று காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போதே குட்டைப் பக்கம் ஒரு பொக்லைன் போனதைப் பார்த்தேன். மலை வேலைக்குத் தண்ணீர் எடுக்க வருகிறார்கள் என்று பஸ்ஸில் இருந்த எல்லோரும் பேசிக்கொண்டோம். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஊரில் பாதிப் பேர் கம்பெனிக்கும் மீதிப் பேர் தோட்ட வேலைக்கும் போய்விட்டார்கள்.

ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஊர் திருப்பத்தில் எப்போதும் முதலில் தெரிவது புங்கமரம்தான். அன்று அது தெரியவில்லை. அந்த இடத்தில் வானம் மட்டும் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் வேறு ஊர்த் திருப்பத்தைப் பார்க்கிறேனோ என்று நினைத்தேன். அப்புறம் வரிசையாக டிப்பர் லாரிகள் நிற்பதைப் பார்த்தேன். "நிறுத்து, நிறுத்து" என்று நான் கத்தியதில் டிரைவர் பயந்து பிரேக் போட்டார். இறங்கி ஓடினேன்.

குட்டை இல்லை. கரை இல்லை. மரம் இல்லை. ஒரு டிப்பர் பின்பக்கம் தூக்கிக்கொண்டு கல்லைக் கொட்டிக்கொண்டிருந்தது. எருமை எருமையாகக் கருங்கல். அதன் பக்கத்தில் ஏற்கெனவே கொட்டிய குவியல்கள், இரண்டு ஆள் உயரத்துக்கு. அத்தை அந்தக் குவியலுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவளைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. வாயைத் திறந்தேன், சத்தமே வரவில்லை. எனக்கா இந்த நிலைமை? எட்டூருக்குக் கேட்கும் வாய்!

கல்லைத் தூக்கி டிப்பர் கண்ணாடியில் எறிந்தேன். அப்போதுதான் வண்டிகள் நின்றன. மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பையன் ஓடிவந்தான். பாலாஜி என்று சட்டையில் பெயர் இருந்தது. மதுரைப் பக்கத்துப் பேச்சு. வேலையைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியராம்.

"ஏம்மா, என்னம்மா செய்றீங்க? ஆளு மேல பட்டா என்ன ஆகுறது?"

"எம் புருஷன் மேல பட்டுச்சே, அதுக்கு என்னாடா ஆவுறது?" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. மாதப்பன் வந்து சேர்ந்து, விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னான். கேட்கக் கேட்க பாலாஜியின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"இங்க சமாதியா? காலையில பாத்தோமே, கட்டடம் ஒண்ணும் இல்லையேம்மா! வெறும் மண்ணு மண்ணாத்தானம்மா கெடந்துச்சு. மெஷின்காரர் சமன் பண்ணிட்டாரே..."

"மலையிலதான வேலைன்னு போர்டு வெச்சீங்க? இங்க ஏன்டா வந்தீங்க?"

"எந்த மலையிலம்மா?"

"நாகம்மா குட்டடா! அதோ நிக்குதே!"

அவன் திரும்பி மலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். செல்போனை எடுத்து ஏதோ மேப்பைப் பெரிதாக்கிக் காட்டினான். நீலமாக ஒரு வட்டம். அதன் மேல் இங்கிலீஷில் எழுதியிருந்ததை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். "நாகம்மா குட்டை. ரெவின்யூ ரெக்கார்டுல இந்தக் குட்டைதாம்மா. இங்கிலீஷ்ல குட்டான்னு எழுதிட்டாங்க, அதைப் பாத்து போர்டுலயும் அப்படியே போட்டுட்டாங்க. சுரங்கம் அந்தப் பக்கத்துப் பெரிய மலைக்குள்ள போகுது. அதுல வெட்டுற கல்லைக் கொட்டுறதுக்குத்தாம்மா இந்த இடம். கட்டுமானம்னு சொன்னது குட்டைக்கரையில இருந்த மோட்டார் ரூமை."

"அப்ப எங்க ஊரு மலை?"

"அந்த மலையை நாங்க தொடவே இல்லம்மா. தொடவும் மாட்டோம்" என்றான். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல நின்றான்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை கேட்டிருக்கிறேன். இது எந்தக் கதையோ தெரியவில்லை. பத்திரமாக இருந்த மனுஷனை உடைத்து எடுத்து, துணியில் கட்டி, நானே என் கையால் கொண்டுவந்து இவர்கள் லாரிக்குக் கீழே வைத்திருக்கிறேன். யாரை அடிப்பது? அந்தப் பையன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவன் தடுக்கவே இல்லை. அவன் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

வேலையை நிறுத்தினார்கள். மறுநாள் பெரிய அதிகாரிகள் எல்லாம் வந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "எந்த இடம்னு காட்டுங்கம்மா, மெஷினை வெச்சு அலுங்காம எடுத்துக் குடுத்துடறோம்" என்றார்கள்.

நான் முன்னால் போனேன். நானே நின்று புதைத்த இடம், நானே அரளி நட்ட இடம். மரத்திலிருந்து நாலு எட்டு, தண்ணீரைப் பார்த்த மாதிரி. மரம் எங்கே? தண்ணீர் எங்கே? இங்கே என்று கையை நீட்டினேன். இல்லை, அங்கே என்றேன். மாதப்பன் வேறொரு பக்கம் காட்டினான். கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தேன். முதல் நாள் கல்லைக் கொட்டுவதற்கு முன்னாலேயே பொக்லைன் அந்த மண்ணை இழுத்து மட்டம் தட்டியிருந்தது. துணி கிழிந்ததோ, எலும்பு எங்கே போனதோ, யாருடையது யாரோடு கலந்ததோ. ஐயோ, அந்தச் சீப்பையாவது கையில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா நான்!

எனக்குத் தெரியவில்லை என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அதைச் சொன்ன அன்றுதான் என் புருஷன் செத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கொஞ்ச நாள் கழித்து லாரிகள் மறுபடியும் வந்தன. ஓரமாக ஒரு கல் நட்டு எங்கள் ஆட்களின் பெயர்களை வெட்டித் தந்தார்கள். கொட்டக் கொட்டக் குட்டை இருந்த இடம் மலை மாதிரி மேடாகி, இப்போது பஸ் திருப்பத்திலிருந்தே தெரிகிறது. எதிரே நாகம்மா மலை நாங்கள் உடைத்துப் போட்ட நீல டைல்ஸோடு சும்மா நிற்கிறது. புதிதாக ஊருக்கு வருகிறவர்கள் எந்த மலை நாகம்மா மலை என்று கேட்கிறார்கள்.

அமாவாசைக்கு அமாவாசை அத்தை தேங்காயும் கற்பூரமும் எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டு, "குட்டகாடிக்கி போதாம் ரா" என்று என்னைக் கூப்பிடுகிறாள். நான் கூடையை வாங்கிக்கொண்டு நேரே குட்டைக்குத்தான் போகிறேன். யாரும் சிரிப்பதில்லை.