டோரோ ஒயின் சிவப்பு

காலை ஆறு மணிக்கே தேவகியின் முழங்கைவரை சிவப்பு ஏறியிருந்தது. இருபது லிட்டர் வாளியில் தோல் சாயத்தைக் கட்டையால் கலக்கிக் கலக்கித் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. மூக்கில் கட்டிய துணியையும் மீறி மருந்து நெடி தொண்டையைக் கரகரக்க வைத்தது. ஆம்பூர் பைபாஸில் லாரி விளக்குகள் இன்னும் அணையவில்லை.

அவள் கலக்கியது ஒயின் சிவப்பு. போர்ச்சுகல் நாட்டில் டோரோ என்று ஓர் ஆறு ஓடுகிறதாம். அதன் மலைச்சரிவில் கல் அடுக்கிப் படிப்படியாகத் தோட்டம் போட்டு, நாலைந்து ரகத் திராட்சையைக் கலந்தே நட்டு, கலந்தே பறித்து ஒயின் செய்கிறார்களாம். அந்த பாட்டிலுக்கு ஒயின் நிறத்திலேயே தோல் உறை கேட்டு ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர், மாதிரிக்கு ஒரு பாட்டிலும் தந்திருந்தார். லேபிளில் ஒவ்வொரு திராட்சையின் பெயரும் ஊரும் மண்ணும் அச்சாகியிருந்தன. தேவகிக்குத் திராட்சைமேலேயே பொறாமை வந்தது. பத்தொன்பது வருஷமாகச் சாயம் கலக்குகிறவளின் பெயர் இந்த கேட்டைத் தாண்டி வெளியே போனதில்லை.

அதைவிடப் பெரிய பொறாமை கூடச் சாயம் கலக்கும் ஷஹீன் பானுமேல். நிறத்தை இருவரும் சேர்ந்துதான் பிடித்தார்கள். மூன்று சிவப்பும் ஒரு நீலமும் ஷஹீன் யோசனை. கடைசியில் ஒரு கரண்டி கறுப்பு விழுந்தால்தான் ஒயினின் ஆழம் வரும் என்று கண்டது தேவகி. பையர் பார்க்க வந்த அன்று தேவகி இருமலுக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாள். போட்டோ ஷஹீனுக்கு. பாராட்டு ஷஹீனுக்கு. கலவைப் பிரிவுக்கு இன்சார்ஜ் ஆனதும் அவள்தான். ஷஹீன் சிரித்தாலே தேவகிக்கு வயிறு எரிந்தது. அவள் நீட்டும் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் தொடுவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை தூறல். காய்ந்த தோலை வெயிலில் பிடித்துப் பார்க்காமல் நிறம் சரி என்று சொல்லக்கூடாது. அது இந்தப் பிரிவின் பழக்கம்.

"வெயில் வரட்டும் சார்" என்றாள் ஷஹீன்.

"கன்டெய்னர் வெயிட் பண்ணுமா? டியூப்லைட்ல பாத்து ஸ்ப்ரே அடிங்க" என்றார் முதலாளி சூரியபிரகாஷ்.

பக்கத்தில் நின்ற தேவகி அதைக் காதால் கேட்டாள். மறுநாள் வெயிலில் முந்நூறு தோலும் துருப்பிடித்த பழுப்பாகத் தெரிந்தன.

இப்போது முதலாளி ஒரு காகிதத்தோடு தேவகியின் வாளியருகே வந்து நின்றார்.

"வெயில்ல பாக்காம ஷஹீன் தானா ஓகே பண்ணிட்டான்னு எழுதியிருக்குது. நீ பாத்தேன்னு கையெழுத்து போடு. அவளை இன்னிக்கே அனுப்பிட்றேன். இன்சார்ஜ் உனக்குத்தான். அடுத்த தபா பையர் உன்னைத்தான் போட்டோ எடுப்பாரு."

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: அந்த நொடி அவளுக்கு இனிக்கவே செய்தது. பேனாவை வாங்கியும் விட்டாள். எதிரே ஷஹீன் தலை குனிந்து நின்றாள். அவளுக்கும் முழங்கைவரை சிவப்பு.

"அடுத்த மழைக்கு இதே காகிதத்துல என் பேரு இருக்கும். என்மேல பொறாமைப்படறவ எவளாச்சும் கையெழுத்து போடுவா. இல்லியா சார்?" என்றாள் தேவகி.

"இன்னா பேசுற நீ?"

"டியூப்லைட்ல அடிக்கச் சொன்னது நீங்க. நான் பக்கத்துல நின்னேன்."

"உனக்கும் அவளுக்கும் ஆவாதுன்னு ஃபேக்டரிக்கே தெரியும். அவளுக்காகவா பேசுற?"

"ஆவாதுதான். இப்பக்கூட வயிறு எரியுது. அது எங்களுக்குள்ள. அதை வெச்சி நீங்க அவ வேலைய எடுக்க முடியாது."

அவள் பேனாவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஸ்ப்ரே மெஷினில் நின்ற ஆரோக்கியமேரி சுவிட்சை அணைத்தாள். அடுத்த மெஷினும் நின்றது, அதற்கடுத்ததும்.

"போடுங்க மெஷினை. இல்லன்னா இந்த ஷெட்டுல இருக்கிற பதினேழு பேரும் வெளிய" என்றார் முதலாளி.

"காகிதத்தைக் கிழிங்க சார். போட்றோம்" என்றாள் ஆரோக்கியமேரி.

அவர் கிழிக்கவில்லை. அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தார்.

ஷஹீன் தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா..."

"கறுப்பு போடச் சொன்னது நான்தான்னு பையர் கிட்ட சொன்னியா?"

"சொல்லலக்கா. தப்புதான்."

"அதுக்கு உன்கிட்ட அப்புறமா சண்டை போட்றேன்" என்று தேவகி சற்று நகர்ந்து இடம் விட்டாள். "இப்ப இங்க வந்து நில்லு."

ஷஹீன் வந்து நின்றாள். முதலாளி சாத்திய கதவைப் பார்த்தபடி பதினேழு பேரும் நின்றார்கள்.