அடுத்த வீட்டு ரோஜா

...அதுவும் பூத்துவிட்டது, பூக்காமல் என்ன செய்யும், ஓரகத்தி கை பட்டால் விறகுக் கட்டைகூடத் துளிர்க்கும் என்று மாமியார் வாய் ஓயாமல் சொல்கிறாரே... இவள் ரப்பர் குழாயைப் பிடித்தபடி ரோஜாத் தொட்டியை முறைத்துக்கொண்டு நின்றாள். ஓரகத்தி குடும்பத்தோடு ஊர் சுற்றப் போயிருக்கிறாள், மொட்டை மாடிச் சாவி இவளிடம், 'உன்ன விட்டா யாரு இருக்கா, நீதான் பொறுப்பானவ' என்று ஒரு சிரிப்பு வேறு. பொறுப்பானவளாம், வேலைக்காரி என்றால் கசக்குமே, அதனால். மருந்துக் கடையில் காலையிலிருந்து நின்ற கால் விண்விண்ணென்று தெறிக்கிறது, இங்கே வந்து அடுத்தவள் செடிக்குத் தாகம் தீர்க்க வேண்டும். தொட்டிகள்தான் எத்தனை! எல்லாம் ஒரே அச்சு, ஒரே நிறம், இறைவணக்கத்துக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி. இவளுக்கும்தான் புது வாடகை வீட்டில் கையகல மண் கிடைத்திருக்கிறது, ஒரு செடி இன்னும் வைத்தபாடில்லை, திட்டம் மட்டும் மனசுக்குள் காடாய் மண்டிக் கிடக்கிறது... காலி பெயிண்ட் டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டால் தொட்டி, காய்கறித் தோல் மக்கினால் உரம், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன கட்டில் சட்டத்தில் கொடி ஏறாதா என்ன? செடி வாங்கத்தான் கையைக் கடிக்கிறது. 'அண்ணிகிட்ட கேட்டா குடுக்கப் போறாங்க' என்கிறார் கணவர், அவருக்கென்ன, வாயைத் திறந்தால் வேலை முடிந்தது. கேட்டு வாங்கினால் அது ஆயுசுக்கும் அவள் செடி, பூக்கிற ஒவ்வொரு பூவுக்கும் 'நான் குடுத்ததுதானே' என்பாள்... நினைத்து முடிப்பதற்குள் விரல் ஒரு கிளையை முறித்துவிட்டது. முறித்ததைப் பையில் போட்டு மேலே துப்பட்டாவைத் திணித்தாள், அந்த நேரம் பார்த்து ஓரகத்தியின் போன்.

"தண்ணி ஊத்தியாச்சாம்மா?"

"ஊத்திக்கிட்டுதான் இருக்கேன்க்கா."

"வேணுங்கிறத ஒடிச்சுட்டுப் போ, என்ன? தொட்டியில எவ்வளவுதான் வளந்துடும், சொல்லு. உனக்குத் தரையில மண்ணு இருக்கு. நேத்துகூட இவர்கிட்ட புலம்பினேன், அவள நெனச்சா பொறாமையா இருக்குன்னு."

அடிப்பாவி, திருடியதைக்கூட நிம்மதியாகத் திருட விடமாட்டாள் போலிருக்கிறதே... ஆனால் அந்தக் கடைசி வார்த்தை, அது மட்டும் நாக்கில் வெல்லமாய்க் கரைந்தது, விழுங்க மனசில்லாமல் திரும்பத் திரும்பச் சப்பினாள். என்னைப் பார்த்தா? அவளுக்கா? உடனே திட்டம் வேகம் பிடித்தது, ரோஜா வாசலுக்கு இடது பக்கம், கேட்டைத் திறந்ததுமே கண்ணில் அறைய வேண்டும், கொடி ஜன்னலுக்கு மேலே, அவள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால் தெரிகிற உயரத்தில்... ஆனால் வாசல் பக்கம் வெயிலே விழாதே. வெயிலெல்லாம் கொல்லையில்தான், துவைக்கிற கல்லுக்குப் பின்னால், அங்கே வைத்தால் பிடித்துக்கொள்ளும், நன்றாகவே வளரும்... வளர்ந்து? அங்கே யார் வந்து பார்ப்பார்கள்? ரோஜாத் தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்து பாதத்தை நனைத்தது, குழாயை நகர்த்தத் தோன்றாமல் நின்றாள், நான் பார்க்க மாட்டேனா, நான் பார்த்தால் போதாதா என்று கேட்டுப் பார்த்தாள், போதும் என்று சொல்ல உள்ளே யாரும் இல்லை.