நான்காம் லேனில் நிற்கும் இரும்பு

2021 ஆயுத பூஜை கழிந்த சனிக்கிழமை, டெக்சாஸின் ரிச்சர்ட்சன் ஊரில், துப்பாக்கி சுடும் ரேஞ்சில், ரஞ்சித்குமாரின் ரைபிள் குழல் வெடித்துச் சிதறியபோது, ஓர் இரும்புத் துண்டு அவன் இடது கண்ணுக்கு இரண்டு அங்குலம் முன்னால் வந்து காற்றில் நின்றுவிட்டது. போட்டிருக்க வேண்டிய பாதுகாப்புக் கண்ணாடி நெற்றியில் சொகுசாக ஏறியிருந்தது. மற்ற துண்டுகள் ஒழுங்காகக் கீழே விழுந்தன. ரேஞ்சில் பாதுகாப்பைக் கவனிக்கும் செழியன் அவன் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். துண்டு நின்ற இடத்திலேயே நின்றது. நிர்வாகம் காந்தம் வைத்துப் பார்த்தது, சம்மட்டியால் தட்டிப் பார்த்தது, பிறகு அவன் நின்று சுட்ட நான்காம் லேனை மூடிக் கயிறு கட்டிவிட்டது.

வெடித்த காரணம் அவன் மனைவி தாமரைச்செல்விக்குத் தெரியும். ஈரோட்டிலிருந்து அமெரிக்கா வந்து பன்னிரண்டு வருடமாகியும் அவள் பூஜையில் குறை வைத்ததில்லை. லேப்டாப், இரண்டு கார், மிக்ஸி, புல் வெட்டும் மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம் உண்டு. அவளுக்குத் தாராளக் கை வேறு. ரைபிளின் வாயில் அப்பியது உள்ளே இறங்கி, இரண்டே நாளில் கல்லாகக் காய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிளந்த குழலுக்குள் அந்தச் சந்தன மஞ்சளை அவள் பார்த்தாள். ரஞ்சித்குமாரும் பார்த்தான். கேட்டவர்களிடமெல்லாம் தோட்டா மோசம் என்றே சொன்னான்.

செழியன் இப்படிக் கெட்டுப்போன துப்பாக்கிகளைச் சேர்ப்பவன். அமரில்லோவிலிருந்து கால்வெஸ்டன் வரை டெக்சாஸ் முழுக்க அலைந்து வாங்கிய பத்தொன்பது, ரேஞ்சின் வாசல் சுவரில் தொங்கின. ஒவ்வொன்றின் கீழும் நடந்த தவறைச் சொல்லும் அட்டை இருக்கும், பெயர் இருக்காது. அதைப் படித்த பிறகுதான் யாரும் உள்ளே போகலாம். இருபதாவதைக் கேட்டு அவன் வீட்டுக்கே வந்தான்.

"எடுத்துக்குங்க. தோட்டா டிஃபெக்ட்னு எழுதிருங்க, போதும்" என்றான் ரஞ்சித்குமார்.

"ஏனுங்க, பொய்ய எழுதி மாட்டுனா அடுத்த வருசம் ஆரு கண்ணு போகுமோ? எல்லா வீட்லயும் சந்தனம் வெக்கறாங்கல்ல?" என்று குறுக்கிட்டாள் தாமரைச்செல்வி.

"உன்னையத்தான் பேசுவாங்க தாமரை."

"பேசட்டும். உங்க கண்ணு இருக்குதுல்ல, எனக்கு அது போதும்."

அட்டையை அவளே எழுதினாள், தமிழிலும் ஆங்கிலத்திலும்: 'குழல் வாயில் சந்தனம் வைத்தது நான். உள்ளே பார்க்காமல் சுட்டது என் வீட்டுக்காரர். தாமரைச்செல்வி.' அந்தச் சுவரிலேயே பெயர் போட்ட அட்டை அது ஒன்றுதான்.

பேசத்தான் செய்தார்கள், ஒரு மாதம். அடுத்த ஆயுத பூஜைக்கு முன் அவளுடைய போன் ஓயவில்லை. "ஆன்ட்டி, துப்பாக்கிக் கட்டைல மட்டும் பொட்டு வெச்சா சாமி ஒண்ணும் கோச்சுக்காதுல்ல?" என்று பக்கத்து ஊர் பிளேனோவிலிருந்து ஒரு பெண் கேட்டாள். கோபிக்காது என்று சாமிக்கும் சேர்த்துத் தாமரைச்செல்வியே பதில் சொன்னாள். தோட்டாவை எடுத்தாச்சா, குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாச்சா என்று கேட்காமல் போனை வைக்கமாட்டாள். அதன் பிறகு டல்லாஸ் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரு குழலும் வெடிக்கவில்லை.

ஆய்வுக்கு வரும் அதிகாரி வருடாவருடம் 'நான்காம் லேன், ஒரு துண்டு, உயரம் ஐந்தடி நான்கு அங்குலம், அசைவில்லை' என்று எழுதிவிட்டுப் போகிறார். தாமரைச்செல்வியும் வருடம் ஒருமுறை கயிற்றைத் தாண்டிப் போய் அதன் முன் கைகூப்பி நிற்கிறாள். போன வருடம் நிமிர்ந்தபோது, துண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரஞ்சித்குமார் இரண்டு கண்ணாலும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பசிக்குது, போலாமா?" என்றான்.