அத்தானைப் படுக்கவைத்துப் பேசிய விலை

அக்காவின் தூக்கம் இருபத்தெட்டாயிரம் என்றார் கடைக்காரர். பெரிய பேட்டரி, பெட்டி மாதிரி கைப்பிடியெல்லாம் இருந்தது.

அத்தானுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும். முகமூடி வழியே காற்றைத் தள்ளும் கருவி தலைமாட்டில் ஓட வேண்டும். கரண்ட் போனால் கருவி நிற்கும், குறட்டை கிளம்பும், அதுவும் திடீரென்று நிற்கும். அடுத்த மூச்சு வருகிறதா என்று அக்கா உட்கார்ந்து காவல் காப்பாள். விடிந்தால் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வேன் ஓட்ட வேண்டியவள். போன வாரம் சிக்னலில் கண் அசந்துவிட்டாள். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத்தான் எழுப்பினான்.

"பதினாறாயிரத்துல இந்தச் சின்னது இருக்கே?" என்றேன்.

"ராத்திரி முழுக்க சார்ஜ் நிக்காது தம்பி."

"நிக்க வேணாம். படுக்கவச்சுப் பாத்துடுவோம்," என்றாள் அக்கா.

தட்டிப் பார்க்காமல் பானை வாங்காத வியாபாரக் குடும்பம் எங்களுடையது. வேனிலிருந்து கருவியும் அத்தானும் இறங்கினார்கள். வாசலோர பெஞ்சில் அத்தான் சாய்ந்தார். படுக்க இடம் கிடைத்தால் எதுவும் அவருக்கு மாமியார் வீடுதான். கருவியைச் சின்ன பேட்டரியில் செருகி, முகமூடி மாட்டிய கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார்.

பேட்டரியின் திரை எழுபத்தைந்து வாட் காட்டியது.

"இது முந்நூறு வாட் தாங்குற பேட்டரி, அதுவும் ஒரு மணி நேரத்துக்கு. உங்க கருவிக்குக் கணக்குல நாலு மணி நேரம், கையில மூணுதான்," என்று கடைக்காரர் பெரியதைத் துடைக்கத் தொடங்கினார்.

அக்கா கருவியைத் தடவினாள். அடியில் சுட்டது. காற்றை ஈரமாக்கும் தண்ணீரைக் காய்ச்சுகிற ஹீட்டர். அதை அணைத்தாள். எண் இறங்கி முப்பதில் நின்றது. அத்தான் அசையவில்லை.

"இப்ப கணக்குல பத்து. கையில எட்டாவது வருமா?"

"வரும். ஆனா தொண்டை வறளும்மா."

"கரண்ட் இல்லாத நேரம் அணைச்சுக்கலாம்னு டாக்டரே சொன்னாரு. தொண்டை வறண்டா தண்ணி குடிப்பார். எனக்குத் தூக்கம் போனா எதைக் குடிக்கிறது?"

பேச்சு நீள்வதற்குள், முகமூடியோடு தூங்கும் மனிதரை வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பேர் சின்ன பேட்டரியை ஆளுக்கொன்றாக வாங்கிப் போனார்கள். முழு விலைக்கு.

"அண்ணே, இவர் படுத்த கூலியை விலையில கழிங்க," என்றாள் அக்கா.

"தூங்குறதுக்குக் கூலியா?"

"நின்னு விக்கிற உங்க ஆளுங்களைவிட, படுத்து வித்த ஆளு தேவலை இல்ல?"

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் இரண்டாயிரம் குறைந்தது.

அன்று ராத்திரியே மூன்று மணி நேரம் கரண்ட் போனது. காலையில் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம். அக்காவை எழுப்ப அலாரம் இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது.

"படுத்தது நான். ரெண்டாயிரம் எனக்குத்தானே?" என்றார் அத்தான்.

அக்கா வேன் சாவியை எடுத்தாள். "பன்னெண்டு வருஷம் நான் காவல் காத்த கூலியில வரவு வச்சாச்சு. மிச்சத்தை நீங்கதான் தரணும்."